ஸ்பானிஷ் பட்டப்படிப்பில் என்னதான் படிக்கிறார்கள்?

2023 செப்டம்பரில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 28 பட்டப்படிப்புகளை நிறுத்த முடிவெடுத்தது. ஸ்பானிஷ் உட்பட அயல்மொழிப் பட்டங்கள் அதில் அடிபட்டன. ஆனால் ஸ்பானிஷ், சீன மொழி வகுப்புகள் மட்டும் தொடரும் என்று அறிவித்தார்கள். வகுப்பு இருக்கும், பட்டம் இருக்காது. அப்படியானால் வகுப்பைத் தாண்டி அந்தப் பட்டத்தில் என்ன இருந்தது?

நம் வீடுகளிலும் இதே கேள்விதான் வேறு விதமாக வருகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளை ஸ்பானிஷ் பி.ஏ. சேரப் போகிறேன் என்றால், "ஒரு பாஷை கத்துக்க மூணு வருஷமா? ஆறு மாசக் கோர்ஸ் போதாதா?" என்பார்கள். பேசக் கற்பதும் பட்டம் படிப்பதும் ஒன்றுதான் என்ற எண்ணமே இந்தக் கேள்விக்கும், அந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவுக்கும் அடியில் கிடக்கிறது. அந்த எண்ணம் எங்கே தவறுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எந்த நாட்டு மொழி?

ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 50 கோடிப் பேர். ஸ்பெயினின் மக்கள்தொகை 5 கோடியைத் தொடவில்லை. அதாவது, இந்த மொழியைப் பேசும் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஸ்பெயினுக்கு வெளியே இருக்கிறார்கள். அதிகம் பேர் பேசும் நாடு மெக்சிகோ. தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் பெரும்பாலான நாடுகள் அப்புறம் கியூபா, டொமினிக்கன் குடியரசு, ஆப்பிரிக்காவில் ஈக்குவடோரியல் கினி என்று 20 நாடுகளில் அது ஆட்சிமொழி.

ஸ்பெயினுக்குள்ளும் அது மட்டுமே மொழி கிடையாது. 1978 அரசியலமைப்புச் சட்டம் நாட்டின் ஆட்சிமொழியைக் "கஸ்தெயானோ" என்று குறிப்பிடுகிறது. கஸ்தீயா பகுதியில் பிறந்த மொழி என்று பொருள். கத்தலான், கலீசியன், பாஸ்க் ஆகியவையும் ஸ்பெயினின் மொழிகள்தான். நாட்டின் மற்ற மொழிகளுக்கும் அந்தந்த வட்டாரத்தில் ஆட்சிமொழித் தகுதி உண்டு என்கிறது அதே சட்டம். "ஸ்பானிஷ்" என்று சொல்வதா "கஸ்தெயானோ" என்று சொல்வதா என்பதே அங்கே அரசியல் கேள்வி.

அடுத்து, மூன்று பெயர்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. மொழித் தேர்ச்சி. பேச, கேட்க, படிக்க, எழுத வருமா என்பது மட்டும். ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். இதற்கான சான்றிதழ் தேர்வு "தெலே". ஸ்பெயின் கல்வி அமைச்சின் சார்பில் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துகிறது. இந்த நிறுவனம் 1991-இல் தொடங்கப்பட்டது, தில்லியில் அதற்குக் கிளை இருக்கிறது. தேர்வு எழுத எந்தப் பட்டமும் தேவையில்லை.

2. ஃபிலோலொஹியா. மொழியின் வரலாற்றையும் பழைய நூல்களையும் சேர்த்து ஆராயும் ஸ்பெயின் மரபு. ஒரு சுவடியில் இந்தச் சொல் ஏன் இப்படி எழுதப்பட்டது, எந்த நூற்றாண்டில் எந்த ஒலி மாறியது என்றெல்லாம் கேட்கும். நம் உ.வே.சா. செய்த வேலைக்குப் பக்கத்தில் வரும்.

3. இஸ்பானிய ஆய்வுகள். பிரிட்டன், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. இலக்கியத்தோடு வரலாறு, சினிமா, அரசியல், பழங்குடிப் பண்பாடுகள் எல்லாம் சேரும்.

பட்டப்படிப்பு என்பது இந்த மூன்றின் கலவை. எது எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: உஸ்தெத்

மூன்றையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும்? ஒரே ஒரு சொல்லை வைத்துக் காட்டலாம்.

மொழி வகுப்பில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள்: "தூ" என்றால் நீ, "உஸ்தெத்" என்றால் நீங்கள். தமிழருக்கு இது ஒரு நிமிடப் பாடம். கூடவே ஒரு விதி வரும். உஸ்தெத் என்று சொன்னால் வினைச்சொல்லுக்குப் படர்க்கை விகுதி போட வேண்டும். "நீங்கள் பேசுகிறீர்கள்" என்பதற்கு "நீங்கள் பேசுகிறார்" என்பது போல. ஏன் என்று கேட்டால், ஆறு மாதக் கோர்ஸில் "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்பதோடு முடிந்துவிடும்.

மொழி வரலாற்றுத் தாளில் விடை கிடைக்கும். உஸ்தெத்தின் மூலம் "வுவெஸ்த்ரா மெர்செத்" என்ற இரண்டு சொற்கள். "உங்கள் தயவு" என்று பொருள். பெரிய மனிதரை நேராக விளிக்காமல் அவருடைய தயவைப் பார்த்துப் பேசுவது மரியாதை. எதிரில் நிற்பவரிடமே "ஐயா எப்போ வந்தாங்க?" என்று நாம் கேட்பதில்லையா, அதே பழக்கம்தான். நாக்கில் தேய்ந்து தேய்ந்து "வூஸ்தெத்" ஆகி, "உஸ்தெத்" என்று நின்றது. சொல் தேய்ந்தாலும் படர்க்கை விகுதி ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

இப்போது இலக்கியத் தாள். "லாஸரில்யோ தெ தோர்மெஸ்" என்ற சிறிய நூலின் இன்று கிடைக்கும் மிகப் பழைய பதிப்புகள் 1554-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஆசிரியர் யாரென்று உறுதியாகத் தெரியாது. பட்டினியில் வளர்ந்த ஒரு பையன் குருடர், பாதிரியார், வறுமையை மறைத்துப் பெருமை பேசும் பிரபு என்று எசமானர் மாற்றி எசமானராக வேலை பார்த்து, கடைசியில் தொலேதோ நகரத்தில் தண்டோரா போடுபவனாக ஆகிறான். அவன் மனைவிக்கும் தலைமைக் குரு ஒருவருக்கும் தொடர்பு என்று ஊரில் பேச்சு. அதை விளக்கிச் சொல் என்று யாரோ ஒரு பெரிய மனிதர் கேட்க, அவன் எழுதும் பதில்தான் முழு நூலும். அந்தப் பெரிய மனிதருக்குப் பெயர் கிடையாது. அவரை வுவெஸ்த்ரா மெர்செத் என்றுதான் அழைக்கிறான்.

இது புரிந்த பிறகு நூலே வேறாகத் தெரியும். ஏழை ஒருவன் மேலிடத்துக்கு எழுதும் விளக்கக் கடிதம். அவன் எதைச் சொல்கிறான், எதை விழுங்குகிறான் என்று ஒவ்வொரு வரியிலும் கவனிக்க வேண்டும். 1559-இல் ஸ்பெயினின் சமயத் தணிக்கை இந்த நூலைத் தடைப் பட்டியலில் வைத்தது.

பண்பாட்டுத் தாள் இன்னொரு பக்கத்தைத் திறக்கும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் பலரைச் சேர்த்து அழைக்க "வொஸோத்ரோஸ்" என்ற உரிமைச் சொல் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அது வழக்கத்தில் இல்லை, நண்பர் கூட்டமானாலும் "உஸ்தெதெஸ்"தான். அர்ஜென்டினாவில் "தூ" என்பதற்குப் பதில் "வோஸ்". காரணம் என்ன? காலனி ஆட்சிக் காலத்தில் லீமா, மெக்சிகோ நகரம் போன்ற ஆளுநர் தலைநகரங்கள் ஸ்பெயின் அரசவையோடு நெருக்கமாக இருந்தன. ஸ்பெயினில் வோஸ் வழக்கொழிந்து போன புதுப் பழக்கம் இந்த நகரங்களிலும் பரவியது. தள்ளியிருந்த புவெனோஸ் ஐரெஸ் பக்கம் பழைய வோஸ் தங்கிவிட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கொலம்பியாவின் பொகொத்தா பக்கம் போனால் கதையே வேறு. அங்கே கணவன் மனைவியை, தாய் மகனை, நெருங்கிய நண்பர்கள் ஒருவரையொருவர் உஸ்தெத் போட்டு அழைப்பது சகஜம். அங்கே அந்தச் சொல் தூரத்தைக் காட்டுவதில்லை.

முதல் வாரத்தில் ஒரு நிமிடத்தில் முடிந்த பாடம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

தமிழருக்கு எது எளிது, எது கடினம்

ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகவே நம்மவர்கள் கற்கிறார்கள். அதனால் ஆங்கிலேயருக்குக் கடினமானதெல்லாம் நமக்கும் கடினம் என்று பாடப்புத்தகம் பயமுறுத்துகிறது. உண்மையில் பல இடங்களில் தமிழ் குறுக்கு வழி காட்டும்.

"மே குஸ்தா எல் கஃபே" என்ற வாக்கியத்தை ஆங்கில வழிப் பாடநூல் ஒரு தனி அத்தியாயமாக வைத்து விளக்கும். தமிழில் அது "எனக்குக் காபி பிடிக்கும்". எழுவாய் காபிதான், பிடிப்பது எனக்கு. அச்சு அசலாக அதே அமைப்பு. "மே துவெலே லா கபேஸா" என்றால் "எனக்குத் தலை வலிக்கிறது". விளக்கமே வேண்டாம்.

"சேர்", "எஸ்தார்" என்று இருத்தலுக்கு இரண்டு வினைகள் இருப்பதும் அப்படித்தான். ஒருவரின் இயல்பைச் சொல்லச் சேர், இப்போதைய நிலையைச் சொல்ல எஸ்தார் என்று தோராயமாகச் சொல்லலாம். நாம் "அவன் நல்லவன்" என்பதையும் "அவன் நல்லா இருக்கான்" என்பதையும் குழப்பிக்கொள்வதில்லையே. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் வழியில் பாதித் தூரம் கொண்டுவந்து விடும். வினைமுற்றிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் "நான்", "நீ" என்று சொல்லாமலே பேசலாம் என்பதும் நமக்குப் பழக்கம்தான். "பெரோ" என்றால் ஆனால், அதையே நாக்கை உருட்டி "பெறோ" போல அழுத்திச் சொன்னால் நாய். இரை, இறை என்று பிரித்து எழுதும் நமக்கு இந்த ர, ற வேறுபாட்டின் அருமை தெரியும்.

கஷ்டம் இரண்டு இடத்தில். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு. எல்லாவற்றையும் அஃறிணை என்று ஒதுக்கிவிடும் தமிழ் மூளைக்கு இது பிடிபடச் சில ஆண்டுகள் ஆகும். இன்னொன்று, விருப்பம், ஐயம், அச்சம் ஆகியவற்றைச் சொல்லும்போது வினை வேறு உருவம் எடுப்பது.

சொற்களின் கதை தனி இன்பம். 711-இல் தொடங்கி 1492-இல் கிரனாதா வீழும் வரை தீபகற்பத்தின் ஏதோ ஒரு பகுதியில் முஸ்லிம் ஆட்சி இருந்தது. சர்க்கரை, அரிசி, பருத்தி, தலையணை, மேயர் ஆகியவற்றுக்கு இன்றும் அரபு வழி வந்த சொற்களே. ஆரஞ்சுக்கு "நரன்ஹா". அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போனால் "நாரங்க" என்ற சொல்லில் முடியும். அதன் வேர் திராவிட மொழியில் இருக்க வேண்டும் என்பது பல சொற்பிறப்பு அறிஞர்களின் கருத்து. நம் நாரத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கஸ்தெயானோ உரைநடையின் தொடக்க கால நூல்களில் ஒன்று 1251-இல் அரபியிலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட கதைத் தொகுப்பு. அதன் மூலம் பஞ்சதந்திரம். கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகள் அரபு நாடுகளைக் கடந்து ஸ்பெயின் வரை போயிருக்கின்றன.

யாருடைய இலக்கியம்?

ஸ்பானிஷில் எழுதியவர்களில் 11 பேர் இலக்கிய நோபல் பெற்றிருக்கிறார்கள். ஸ்பெயினிலிருந்து 5, லத்தீன் அமெரிக்காவிலிருந்து 6. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஸ்பானிஷ் இலக்கியம் என்றால் பெரும்பாலும் ஸ்பெயின் இலக்கியம்தான். இடைக்காலக் காவியம், 16, 17-ஆம் நூற்றாண்டுப் பொற்காலம், 1605-இலும் 1615-இலும் இரண்டு பாகமாக வந்த தோன் கிஹோத்தே நாவல், அப்புறம் நவீன காலம்.

மாற்றியது அரசியல். 1959-இல் கியூபப் புரட்சி வெற்றி பெற்றதும் அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க ஆய்வுகளுக்குப் பணம் கொட்டியது. பிரிட்டனில் 1965-இல் வெளியான பாரி அறிக்கையை ஒட்டி லத்தீன் அமெரிக்க ஆய்வு மையங்கள் தொடங்கப்பட்டன. அதே காலத்தில்தான் அந்தக் கண்டத்தின் நாவல்கள் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தன.

பாடத்திட்டம் அதற்குப் பிறகும் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. பெருவைச் சேர்ந்த பூர்வகுடி எழுத்தாளர் குவாமன் போமா, காலனி ஆட்சியின் கொடுமைகளை ஸ்பெயின் அரசர் மூன்றாம் பிலிப்புக்கு எடுத்துச் சொல்ல ஏறத்தாழ 1,200 பக்கக் கையெழுத்து நூலை 1615 வாக்கில் முடித்தார். ஸ்பானிஷும் கெச்சுவா மொழியும் கலந்த நடை, நூற்றுக்கணக்கான கோட்டோவியங்கள். அது 1908-இல்தான் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. மூன்று நூற்றாண்டுகள் யாரும் படிக்காமல் கிடந்த அந்த முறையீட்டை இன்று மாணவர்கள் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்தப் படிப்பின் பெருமையே இதுதான். ஆட்சி செய்தவரின் மொழியை எடுத்து, ஆளப்பட்டவர் எழுதியதையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறது.

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. மெக்சிகோ கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1962 முதல் 1968 வரை இந்தியாவில் தூதராக இருந்தார். மெக்சிகோவில் மாணவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்து அந்தப் பதவியை விட்டார். அவருக்கு "மதுரை" என்ற தலைப்பிலேயே ஒரு சிறிய கவிதை இருக்கிறது. மீனாட்சி கோயிலும் ஒரு மோட்டார் கராஜும் ஒரே மூச்சில் வரும். நடுவே மீன் போன்ற கண்கள். அந்த மீனுக்கு மெக்சிகோ மாணவருக்கு அடிக்குறிப்பு வேண்டும், மதுரைப் பிள்ளைக்கு வேண்டாம். குவாமன் போமாவைப் படிக்கும்போது நிலைமை தலைகீழ்.

நாட்டுக்கு நாடு

ஸ்பெயினில் இது 4 ஆண்டு, 240 கிரெடிட். தாய்மொழி மாணவர்களுக்காக அமைத்தது என்பதால் ஒலியியல், மொழி வரலாறு, லத்தீன் எல்லாம் கனமாக இருக்கும். பேசக் கற்கப் போகிறவர் நேராக இதில் சேர்ந்தால் திணறிப்போவார். 1218-இல் தொடங்கிய சலமான்கா போன்ற பல்கலைக்கழகங்கள் அயல்நாட்டவருக்கென்று தனி வகுப்புகள் நடத்துகின்றன.

பிரிட்டனிலும் பொதுவாக 4 ஆண்டுகள், அதில் ஓர் ஆண்டு ஸ்பானிஷ் பேசும் நாட்டில். பல இடங்களில் எழுத்து தெரியாமலே சேரலாம். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவே உண்டு.

இந்தியாவில் தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பட்டப்படிப்பு இருக்கிறது. பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். அதனால் தொடக்கம் முழுக்க மொழிப் பயிற்சி, போகப் போக இலக்கியமும் வரலாறும். இதில் ஒரு நெருக்கடி உண்டு. மொழி கைவந்து கனமான நூல்களைத் தொடும் நேரத்தில் பி.ஏ. முடிந்துவிடும். எம்.ஏ. வரை போகிறவருக்குத்தான் முழுப் படமும் தெரியும்.

துறைகள் ஏன் சுருங்குகின்றன

அமெரிக்கக் கல்லூரிகளில் அயல்மொழி வகுப்புகளின் சேர்க்கை 2016-க்கும் 2021-க்கும் இடையில் 16.6 சதவீதம் சரிந்தது. மீதி இருப்பதில் ஏறத்தாழ பாதி ஸ்பானிஷ். இத்தனை பேர் படித்தும் துறை ஏன் ஆடுகிறது? படிப்படியாகப் பார்த்தால் இப்படி:

1. ஸ்பானிஷ் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு தாள்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டம் வரை வருபவர்களிலும் பலருக்கு அது இரண்டாவது பட்டம், முதலாவது வணிகமோ வேறொன்றோ.

2. நிர்வாகம் முதன்மைப் பட்ட மாணவர்களின் தலையை எண்ணும்போது துறை சிறியதாகத் தெரிகிறது.

3. மொழி வகுப்புக்கு ஒப்பந்த ஆசிரியர் போதும் என்று தோன்றுகிறது. இலக்கியமும் வரலாறும் நடத்தும் பேராசிரியர்கள் செலவாகத் தெரிகிறார்கள்.

4. மொழிபெயர்ப்புச் செயலி வந்த பிறகு, "மொழியே செல்பேசியில் இருக்கிறதே" என்ற வாதமும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது படியில்தான் அடித்தளம் நழுவுகிறது. வகுப்பில் மொழி கற்பிக்கப் போகும் அடுத்த தலைமுறை ஆசிரியர் எங்கே உருவாவார்? அந்தப் பட்டப்படிப்பில்தான். சில ஆண்டுகளுக்கு ஓடும், அப்புறம் "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல ஆள் இருக்காது.

சேர்வதற்கு முன்

கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, கடைசி இரண்டு செமஸ்டரைப் பாருங்கள். அங்கேயும் இலக்கணப் பயிற்சியும் வணிகக் கடிதமும் மட்டும்தான் என்றால் அது நீட்டிய மொழி வகுப்பு. லத்தீன் அமெரிக்காவுக்குத் தனித் தாள் உண்டா, மூல நூல்களை ஸ்பானிஷிலேயே படிக்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். வேலை என்று வந்தால் பல நிறுவனங்கள் கேட்பது பி2 அல்லது சி1 தேர்ச்சி. அதனால் பட்டத்தோடு தெலே சான்றிதழையும் எடுத்துவிடுவது நல்லது. பேசி வேலை பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் பட்டம் தேவையில்லை, நல்ல பயிற்சி மையமும் தெலேயும் போதும். அதில் குறையொன்றும் இல்லை.

பட்டம் படித்தவருக்கு நம்மிடையே ஒரு வேலை காத்துக்கிடக்கிறது. லத்தீன் அமெரிக்க இலக்கியம் தமிழுக்கு வந்ததில் பெரும்பகுதி ஆங்கிலம் வழியாக வந்தது. ஆங்கிலத்தில் தூ, வோஸ், உஸ்தெத் மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். அதைத் தமிழுக்குக் கொண்டுவருபவர் "நீ"யா "நீங்க"ளா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் இருக்கும் வேறுபாடு, மூலத்திலும் இருக்கிறது, நடுவில் இருந்த மொழி விழுங்கிவிட்டது.

மூலத்திலிருந்தே மொழிபெயர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பொகொத்தாவில் நடக்கும் கதை. சமையலறையில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் உஸ்தெத் என்கிறார்கள். இருவர் வாயிலும் "நீங்கள்" போட்டால், தமிழ் வாசகருக்கு அந்த வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று தோன்றும். மனைவி "நீங்க", கணவன் "நீ" என்று நம் வீட்டு வழக்கப்படி மாற்றினால், மூலத்தில் இல்லாத மேல் கீழ் வந்து உட்கார்ந்துவிடும். இருவருக்கும் "நீ" என்றால் அவர்கள் ஊரின் வாசனை போய்விடும். இதில் எதை எடுப்பது என்று முடிவுசெய்ய, அந்தக் கதை முழுவதையும் அந்த ஊரையும் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்தின் முன்னால் உட்கார வேண்டும்.